தீபாவளியன்று கவுண்டரில் நிற்பவருக்கு எத்தனை நாள் சம்பளம்?

தீபாவளிக்கு முதல் நாள் இரவு மணி ஒன்பது. பேரங்காடியின் எல்லாக் கவுண்டர்களும் திறந்திருக்கின்றன. முறுக்கு மாவு, நெய், தேங்காய்ப் பால், விருந்தாளிகளுக்குக் குளிர்பானம், கடைசி நேரத்தில் நினைவுக்கு வந்த நல்லெண்ணெய் என்று தள்ளுவண்டிகள் நிரம்பி வழிகின்றன. வரிசையில் நிற்பவர்களில் பெரும்பாலோர் நம்மவர்கள். கவுண்டருக்குள் நிற்கும் பெண்ணும் நம்மவர்தான். அவர் வீட்டு அடுப்பில் இன்னும் எண்ணெய்ச் சட்டி ஏறவில்லை.

அந்த நேரத்தில் சூப்பர்வைசர் வருகிறார். "தங்கச்சி, நாளைக்குக் காலை சிஃப்டுக்கு ஆள் பத்தல. நீ வந்துடு. அப்புறமா ஒரு நாள் ரீப்ளேஸ் எடுத்துக்கலாம்."

"சரிண்ணே."

அவ்வளவுதான் பேச்சு. நாட்டின் எந்த ஊரிலும் நடக்கக்கூடிய காட்சி இது. இந்த நான்கு வரிப் பேச்சில் அந்தப் பெண் நூறு வெள்ளிக்கு மேல் இழந்திருக்கலாம், அல்லது எதையும் இழக்காமலும் இருக்கலாம். எல்லாம் அந்த "ரீப்ளேஸ்" என்ற ஒரு சொல்லைப் பொறுத்தது. அதற்குச் சட்டத்தில் என்ன இடம் என்பது கவுண்டரில் நிற்பவருக்கும் தெரிவதில்லை. பல வேளைகளில் சொன்ன சூப்பர்வைசருக்கும் தெரிவதில்லை.

ஐந்தும் ஆறும்

தீபகற்ப மலேசியாவிலும் லாபுவானிலும் வேலை செய்வோருக்கு 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டம்தான் அடிப்படை. அதன் 60D பிரிவு பொது விடுமுறையைப் பற்றிப் பேசுகிறது. ஓர் ஊழியருக்கு ஆண்டுக்கு 11 பொது விடுமுறைகள் சம்பளத்தோடு கிடைக்க வேண்டும். 2012 ஏப்ரல் மாதத்திற்கு முன்பு இது 10 நாளாக இருந்தது. மலேசிய தினம் கட்டாயப் பட்டியலில் சேர்ந்தபோது 11 ஆனது.

இந்த 11 நாளும் ஒரே தரத்தவை அல்ல என்பதுதான் பலருக்குத் தெரியாத செய்தி. அவற்றில் ஐந்து நாட்களை யாராலும் மாற்ற முடியாது. தேசிய தினம், மாமன்னரின் பிறந்தநாள், அந்தந்த மாநில ஆட்சியாளரின் பிறந்தநாள் அல்லது கூட்டரசுப் பிரதேச தினம், தொழிலாளர் தினம், மலேசிய தினம் ஆகியவையே அந்த ஐந்து.

தீபாவளி அதில் இல்லை. நோன்புப் பெருநாளும் இல்லை, சீனப் புத்தாண்டும் இல்லை, கிறிஸ்துமஸும் இல்லை. இந்தப் பண்டிகைகள் எல்லாம் மீதமுள்ள ஆறு நாட்களுக்குள் வருகின்றன. அரசாங்கம் அறிவித்த பொது விடுமுறைகளிலிருந்து எந்த ஆறு நாள் என்பதை முதலாளிதான் தேர்வு செய்கிறார். ஆனால் அதற்கு ஒரு நிபந்தனை உண்டு. ஒவ்வோர் ஆண்டும் தொடங்குவதற்கு முன்பே அந்த ஆறு நாட்கள் எவை என்று எழுதி, வேலையிடத்தில் எல்லாரும் பார்க்கும்படி ஒட்டிவைக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது.

தைப்பூசத்திற்கும் இதே கதைதான், அதோடு இன்னொரு சிக்கலும் உண்டு. கோலாலம்பூர், சிலாங்கூர், பேராக், பினாங்கு, நெகிரி செம்பிலான், ஜொகூர் போன்ற இடங்களில் அது பொது விடுமுறை. எல்லா மாநிலங்களிலும் அப்படி அல்ல. பல மாநிலங்களில் கிளை வைத்திருக்கும் நிறுவனத்தில் ஒரு கிளையின் அறிவிப்பு மற்றொரு கிளைக்குப் பொருந்தாமல் போகலாம்.

ஆகவே, தீபாவளியன்று விடுமுறையா வேலையா என்ற கேள்விக்கு விடை முதல் நாள் இரவு கவுண்டரில் பிறப்பதில்லை. அது முந்திய டிசம்பரில், பஞ்ச் கார்டு இயந்திரத்திற்குப் பக்கத்தில் உள்ள பலகையில் ஒட்டிய தாளில் பிறந்துவிடுகிறது. அந்தத் தாளை நின்று படிப்பவர்கள் குறைவு. சில இடங்களில் அந்தத் தாளே இருப்பதில்லை என்பது வேறு விஷயம்.

"ரீப்ளேஸ்" என்றால் என்ன?

தாளில் தீபாவளி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அன்று கடை திறந்திருக்கிறது, ஆள் வேண்டும். இப்போது முதலாளிக்கு முன்னால் இரண்டு வழிகள் உள்ளன.

முதல் வழி, நாளை மாற்றிக்கொள்வது. மேலே சொன்ன ஆறு நாட்களில் எதையும், முதலாளியும் ஊழியரும் இணங்கினால், வேறொரு நாளுக்கு மாற்றிக்கொள்ளலாம். அப்படி மாற்றிவிட்டால் தீபாவளி அந்த ஊழியருக்குச் சாதாரண வேலை நாளாகிவிடும். மாற்றிய நாள்தான் அவருடைய பொது விடுமுறை. இதில் ஏமாற்று எதுவும் இல்லை. நவம்பரில் தங்கை திருமணம் வைத்திருப்பவருக்கு இதுவே வசதியாகவும் இருக்கலாம். மாற்றிய அந்த நாளிலும் வேலைக்குக் கூப்பிட்டால், பொது விடுமுறைச் சம்பளம் அந்த நாளுக்குத் தரப்பட வேண்டும்.

இரண்டாவது வழி, நாளை மாற்றாமல் தீபாவளியன்றே வேலைக்கு வரச் சொல்வது. முதலாளிக்கு இந்த அதிகாரம் உண்டு. "பொது விடுமுறை, அதனால் வரமாட்டேன்" என்று மறுக்கச் சட்டம் இடம் தரவில்லை. வாராந்திர ஓய்வு நாளில்தான், சில விதிவிலக்குகள் தவிர, யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாது. இரண்டையும் பலர் குழப்பிக்கொள்கிறார்கள். பொது விடுமுறையில் வரச் சொல்லலாம். ஆனால் அதற்கு விலை உண்டு. அன்றைய விடுமுறைச் சம்பளத்துக்கு மேல் இன்னும் இரண்டு நாள் சம்பளம் கொடுக்க வேண்டும் என்பதே அந்த விலை.

இந்த இரண்டு வழிகளுக்கும் நடுவே மூன்றாவதாக ஒன்று புழக்கத்தில் இருக்கிறது. "வா, அப்புறம் பார்க்கலாம்" என்பது அது. நாள் சொல்லப்படுவதில்லை, எழுத்தில் எதுவும் இல்லை. தீபாவளி போய், டிசம்பர் போய், புத்தாண்டுக் கூட்டமும் போய், சீனப் புத்தாண்டுக்கான சரக்கு வந்து இறங்கும்போது அந்த ரீப்ளேஸ் மறந்தே போயிருக்கும். சட்டம் "இணக்கம்" என்று சொல்கிறது. எந்த நாள் என்றே தெரியாத ஒன்றுக்கு ஒருவர் எப்படி இணங்கியிருக்க முடியும்? வேலை முடிந்த பிறகு தரப்படும் மாற்று விடுப்பு, இரண்டு நாள் சம்பளத்தைச் செல்லாததாக்கிவிடாது. இது தெரிந்த ஊழியர், "சரிண்ணே" என்பதோடு நிறுத்தாமல், "எந்தத் தேதிண்ணே?" என்று கேட்பார்.

கணக்கு இதுதான்

மாதச் சம்பளக்காரருக்கு ஒரு நாள் சம்பளம் என்பது மாதச் சம்பளத்தை 26ஆல் வகுத்து வருவது. 30ஆல் அல்ல. வேலைக்காகத் தரப்படும் நிலையான அலவன்சு இதில் சேரும். பயணப்படியும் ஆண்டு போனசும் சேரா.

2025 பிப்ரவரி 1ஆம் தேதி நடப்புக்கு வந்த குறைந்தபட்சச் சம்பளமான 1,700 வெள்ளியையே எடுத்துக்கொள்வோம். 26ஆல் வகுத்தால் ஒரு நாளைக்கு 65 வெள்ளி 38 காசு. இரண்டு நாளுக்கு 130 வெள்ளி 77 காசு. தீபாவளியன்று வேலை செய்தவரின் அந்த மாதச் சம்பளச் சீட்டில் 1,700க்கு மேல் இந்தத் தொகை தனியாகத் தெரிய வேண்டும். மூன்று நாள் சம்பளம் என்றார்களே, மூன்றாவது நாள் எங்கே என்று சிலர் சண்டைக்குப் போவதுண்டு. அது மாதச் சம்பளத்துக்குள்ளேயே இருக்கிறது. வேலைக்கு வராமல் வீட்டில் இருந்திருந்தாலும் அந்த 65 வெள்ளி 38 காசு வந்திருக்கும். நாள் சம்பளம் வாங்குபவருக்குத்தான் மூன்றும் கண்ணுக்குத் தெரியும்.

அரை நாள் மட்டும் வேலை செய்தால்? "காலையில் நாலு மணி நேரம்தானே வந்தாய், ஒரு நாள் சம்பளம் போதும்" என்று கணக்குப் போடுவது தவறு. வழக்கமான நேரத்தைவிடக் குறைவாக வேலை செய்திருந்தாலும் இரண்டு நாள் சம்பளம் முழுமையாக உண்டு என்று சட்டமே சொல்லியிருக்கிறது. மாறாக, வழக்கமான நேரத்தைத் தாண்டினால் அந்தக் கூடுதல் நேரத்துக்கு மணிக்கு மூன்று மடங்கு. சாதாரண நாளில் ஓவர்டைம் ஒன்றரை மடங்கு, ஓய்வு நாளில் இரண்டு மடங்கு, பொது விடுமுறையில் மூன்று மடங்கு. ஒரு நாளைக்கு ஏழரை மணி நேரம் என்று வாரம் ஆறு நாள் வேலை செய்பவருக்கு, மேற்சொன்ன 1,700 வெள்ளி சம்பளத்தில், பொது விடுமுறையில் ஒரு மணி நேர ஓவர்டைம் 26 வெள்ளி 15 காசு வரும்.

வேலை நேரத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2023 ஜனவரி 1 முதல் வாரத்துக்கு அதிகபட்ச வழக்கமான வேலை நேரம் 48 மணியிலிருந்து 45 மணியாகக் குறைந்தது. தொடர்ந்து ஐந்து மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கினால் இடையில் குறைந்தது 30 நிமிடம் ஓய்வு தர வேண்டும். பண்டிகைக் கூட்டம் இந்த அரை மணி நேரத்துக்கு விலக்கு அல்ல.

செவ்வாய்க்கிழமை ஓய்வெடுப்பவரின் தீபாவளி

அலுவலகத்தில் வேலை செய்பவர்களுக்கு ஞாயிறு ஓய்வு நாள். பேரங்காடியில் அப்படி இல்லை. சனி, ஞாயிறில்தான் அங்கே கூட்டம். ஆகவே ஒருவருக்குச் செவ்வாய் ஆஃப், இன்னொருவருக்கு வியாழன் ஆஃப். இங்கேதான் கணக்கு அதிகம் தவறிப்போகிறது.

பொது விடுமுறை ஓர் ஊழியரின் ஓய்வு நாளில் விழுந்தால், அடுத்த வேலை நாள் அவருக்குச் சம்பளத்தோடு கூடிய விடுமுறை ஆகும். இங்கே பார்க்க வேண்டியது அந்த ஊழியரின் ஓய்வு நாளை. நாட்டின் ஞாயிற்றுக்கிழமையை அல்ல. 2024இல் தீபாவளி அக்டோபர் 31, வியாழக்கிழமை வந்தது. வியாழன் ஓய்வு எடுப்பவருக்கு, அவருடைய நிறுவனப் பட்டியலில் தீபாவளி இருந்திருந்தால், நவம்பர் 1 வெள்ளிக்கிழமை விடுமுறையாகியிருக்க வேண்டும். 2025இல் அக்டோபர் 20, திங்கட்கிழமை. அன்று திங்கள் ஆஃப் எடுத்தவருக்குச் செவ்வாய். "உனக்குத்தான் அன்றைக்கே ஆஃப் ஆச்சே" என்று சொல்லி அந்த ஒரு நாளை விழுங்கிவிடுவது அறியாமையாலும் நடக்கிறது, வேண்டுமென்றும் நடக்கிறது. ஊழியருக்கு இரண்டும் ஒன்றுதான்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. 2023இல் தீபாவளி ஞாயிற்றுக்கிழமை, நவம்பர் 12. மறுநாள் திங்கள் நாடு விடுமுறை கொண்டாடியது. ஆனால் செவ்வாய் ஓய்வு எடுக்கும் கேஷியருக்கு ஞாயிறு வேலை நாள். ஆகவே அவருடைய விடுமுறை அந்த ஞாயிறுதான். ஞாயிறு வேலை செய்திருந்தால் கூடுதல் இரண்டு நாள் சம்பளம் ஞாயிறுக்குத்தான் வரும். திங்களும் எனக்கு வேண்டும் என்று கேட்பது சரியாகாது. 2026இலும் தீபாவளி நவம்பர் 8, ஞாயிற்றுக்கிழமைதான் என்பதால் இதே குழப்பம் மீண்டும் எழ இடமுண்டு.

ஆண்டு விடுப்பிலோ மருத்துவ விடுப்பிலோ இருக்கும்போது பொது விடுமுறை குறுக்கிட்டாலும் அந்த நாள் தொலைந்துபோவதில்லை. அதற்குப் பதில் வேறொரு நாள் தர வேண்டும். ஆனால் ஊழியர் பக்கத்திலும் ஒரு கட்டுப்பாடு இருக்கிறது. விடுமுறைக்கு முந்திய வேலை நாளிலோ அடுத்த வேலை நாளிலோ முன் அனுமதியும் தகுந்த காரணமும் இல்லாமல் மட்டம் போட்டால் அந்த விடுமுறையின் சம்பளம் போய்விடும். தீபாவளிக்கு மறுநாள் சொல்லாமல் கொள்ளாமல் இருந்துவிட்டுப் பிறகு வருந்துபவர்கள் இருக்கிறார்கள்.

யாருக்கெல்லாம்?

2023க்கு முன்பு இந்தச் சட்டம் 2,000 வெள்ளி வரை சம்பளம் வாங்குவோரையும் உடலுழைப்புத் தொழிலாளர் போன்ற சில பிரிவினரையும் மட்டுமே காத்தது. இப்போது எல்லா ஊழியர்களையும் உள்ளடக்குகிறது. ஆனாலும் 4,000 வெள்ளிக்கு மேல் சம்பளம் வாங்குபவர்களுக்குப் பொது விடுமுறை வேலைக்கான கூடுதல் சம்பளப் பிரிவு பொருந்தாது. அவர்களுக்கு ஒப்பந்தம்தான் பேசும். கேஷியர், சரக்கு அடுக்குபவர், மீன் வெட்டுபவர், ஸ்டோர் உதவியாளர் ஆகியோரில் பெரும்பாலோர் அந்த எல்லைக்குக் கீழேதான் இருக்கிறார்கள். அந்நிய நாட்டுத் தொழிலாளிக்கும் இதே கணக்குதான்.

பகுதி நேர ஊழியர்களுக்கு 2010ஆம் ஆண்டு விதிமுறைகள் தனியாக உள்ளன. முழுநேர ஊழியரின் வேலை நேரத்தில் 30 விழுக்காட்டுக்கு மேல் 70 விழுக்காடு வரை வேலை செய்பவர் பகுதி நேர ஊழியர். அவருக்கு ஆண்டுக்கு ஏழு பொது விடுமுறைகள் உண்டு. சனி, ஞாயிறில் வேலைக்குப் போகும் கல்லூரிப் பிள்ளைகளிடம் "பார்ட் டைமுக்கு ஒன்றும் கிடையாது" என்று சொல்லப்படுவதை அப்படியே நம்பிவிட வேண்டியதில்லை.

இன்னும் சிக்கலான நிலை புரமோட்டர்களுடையது. அவர்கள் நிற்பது பேரங்காடியில். சம்பளம் தருவது பால் மாவு நிறுவனமோ ஓர் ஏஜென்சியோ. விடுமுறைப் பட்டியலையும் சம்பளத்தையும் அவர்கள் கேட்க வேண்டியது கடை மேலாளரிடம் அல்ல, வேலைக்கு எடுத்த நிறுவனத்திடம். எழுத்தில் ஒப்பந்தமே இல்லை என்றால்? வேலை நேரத்தையும் வேலை செய்யும் முறையையும் ஒருவர் கட்டுப்படுத்துகிறார் என்றால் அவரே முதலாளி என்று அனுமானிக்க 2022ஆம் ஆண்டுத் திருத்தம் வழி செய்திருக்கிறது.

சபாவுக்கும் சரவாக்குக்கும் வேறு தொழிலாளர் சட்டங்கள் உள்ளன. சரவாக்கில் தீபாவளி பொது விடுமுறையே அல்ல.

எல்லை தாண்டி வேலைக்குப் போகும் ஜொகூர்க்காரர்களுக்காக ஒரு குறிப்பு: சிங்கப்பூரில் தீபாவளி 11 பொது விடுமுறைகளில் ஒன்று. அன்று வேலை செய்தால் கூடுதலாக ஒரு நாள் அடிப்படைச் சம்பளம் கிடைக்கும். இருவரும் ஒப்புக்கொண்டால் வேறொரு நாளை விடுமுறையாக எடுத்துக்கொள்ளலாம். மலேசியாவின் இரண்டு நாள் கணக்கு அதைவிட மேல். பிரிட்டனில் நிலைமை இன்னும் வேறு. அங்கே "பேங்க் ஹாலிடே" அன்று வேலை செய்தால் கூடுதல் சம்பளம் தர வேண்டும் என்று சட்டமே கிடையாது, எல்லாம் ஒப்பந்தத்தைப் பொறுத்தது. ஆனால் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் பெரிய கடைகள் கிறிஸ்துமஸ் நாளில் திறக்கவே கூடாது என்று 2004இல் சட்டம் போட்டார்கள். அவர்கள் கதவை மூடினார்கள். நாம் சம்பளத்தைக் கூட்டினோம். கவுண்டரில் நிற்கும் தாய்க்கு எது மேல் என்று கேட்டால் விடை ஆளுக்கு ஆள் மாறும்.

முதலாளியின் கணக்கு

சிறிய மளிகைக் கடை, மினி மார்க்கெட் நடத்துபவர்களின் தரப்பையும் பார்க்க வேண்டும். இலாபம் குறைந்த வியாபாரத்தில் நாலு பேருக்கு மூன்று நாள் சம்பளம் என்பது பெரிய தொகைதான். ஆனால் சட்டம் அவர்களுக்கு ஏற்கனவே கதவைத் திறந்து வைத்திருக்கிறது. ஆறு நாட்களைத் தேர்வு செய்யும் உரிமையும், இணக்கத்தோடு நாளை மாற்றும் உரிமையும் அவர்களிடம் உள்ளன. டிசம்பரில் உட்கார்ந்து ஒரு தாள் எழுத ஒரு மணி நேரம் போதும். அதைச் செய்யாத கடைகளில் நம்மவர் கடைகளும் உண்டு என்பதைச் சொல்லாமல் விட முடியாது. "நம்ம கடைதானேம்மா" என்ற பாசத்தில் தீபாவளிச் சம்பளம் காணாமல் போவது, பெரிய நிறுவனத்தில் போவதைவிட அதிகம் வலிக்கும்.

சம்பளம் வரவில்லை என்றால் முதலில் மனிதவளப் பிரிவில் எழுத்து மூலம் கேட்கலாம். தொழிற்சங்கம் இருந்தால் அங்கேயும் போகலாம். அதற்கும் அசையவில்லை என்றால் அருகிலுள்ள தொழிலாளர் இலாகாவில் புகார் செய்யலாம். அங்கே நடக்கும் தொழிலாளர் நீதிமன்ற விசாரணைக்கு வழக்கறிஞர் வைக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. பொது விடுமுறைச் சம்பளத்தைக் கொடுக்காதது குற்றமாகும். 2023இல் நடப்புக்கு வந்த திருத்தத்தின்படி பொதுவான அபராதத்தின் உச்சவரம்பு 10,000 வெள்ளியிலிருந்து 50,000 வெள்ளியாக உயர்ந்தது.

அங்கே போகிறவர் கையில் தாள் இருக்க வேண்டும். வேலை அட்டவணையைக் கைத்தொலைபேசியில் படம் பிடித்து வைத்திருந்தால் போதும். "நாளைக்கு வந்துடு" என்று சூப்பர்வைசர் அனுப்பிய வாட்ஸ்அப் செய்தி, அந்த மாதச் சம்பளச் சீட்டு, பலகையில் ஒட்டிய விடுமுறைப் பட்டியலின் படம் ஆகியவை கூடவே இருந்தால் இன்னும் நல்லது. பட்டியலே ஒட்டப்படவில்லை என்றால் அதையும் புகாரில் எழுதலாம்.

கேட்டால் வேலை போய்விடுமோ என்ற அச்சம்தான் பலரை வாய் திறக்கவிடாமல் செய்கிறது. அந்த அச்சம் பொய்யானது அல்ல. அடுத்த மாத அட்டவணையில் தொடர்ந்து இரவு சிஃப்டு விழலாம். ஓவர்டைம் குறையலாம். இதற்காகவே சிலர் தனியாகக் கேட்காமல் ஐந்தாறு பேர் சேர்ந்து கையெழுத்துப் போட்டுக் கேட்கிறார்கள். தகுந்த காரணம் இன்றி வேலையைவிட்டே நீக்கினால், 1967ஆம் ஆண்டுத் தொழிலியல் உறவுச் சட்டத்தின் 20ஆவது பிரிவின் கீழ் மீண்டும் வேலை கோரித் தொழிலியல் உறவு இலாகாவில் மனு செய்யலாம். அதற்குள்ள அவகாசம் வேலை நீக்கப்பட்ட நாளிலிருந்து 60 நாட்கள். வார இறுதியும் பொது விடுமுறையும் அந்த 60க்குள் அடக்கம்.